மேட்டில் நின்ற ஃபியட்

கிட்டே வாங்க கண்ணுங்களா. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். துப்பறியும் பிரபாவதியின் கதைகளில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவை நிறைய உண்டு. இன்றைக்குச் சொல்லப்போவது அந்த மாதிரி இல்லை. இதில் கத்தியும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஒரு பழைய கார் வழியில் நின்றுபோனது, அவ்வளவுதான். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் போனால் ஒரு நல்ல மனிதனைத் தப்பாக நினைத்துக்கொண்டே போவீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. கார்த்திகை பிறந்து இரண்டு நாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் தனகோடியின் சவுக்குத் தோப்பு. தோப்பை ஒட்டி வீடு. வீட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. கொட்டகைக்குள் பச்சை நிற ஃபியட் ஒன்று நின்றிருந்தது. தானாக வந்து நின்றதல்ல. இரண்டு மாடுகளைப் பூட்டிக் கயிறு கட்டி இழுத்துவந்து விட்டது.

சம்பத் அதன் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரபாவதி தலையை உள்ளே விட்டுக் கால் மணி நேரமாகிறது.

"அக்கா, உள்ள யார்னா வாடகைக்கு கீறாங்களா? நாஸ்தா சொல்லி அனுப்பட்டுமா?"

"வாய மூடு. கைய மட்டும் கீழ விட்டுடாத."

சம்பத்துக்கு நாற்பது வயது. முன்பு பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமல் ஏறிய டிப்போ மேனேஜரையே நடுவழியில் இறக்கிவிட்டதால் வேலை போனது. பிரபாவதியின் அப்பா செங்கல்பட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். கிரீஸ் வாசனையிலேயே வளர்ந்தவள், பிறகு எட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்து ரிப்போர்ட் எழுதினாள். இப்போது மேட்டுத் தெருவில், சைக்கிள் கடை மாடியில், 'பி. பிரபாவதி, துப்பறிவாளர்' என்று போர்டு மாட்டியிருந்தாள். துப்பறிபவள் பெண்ணா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சம்பத்தின் வேலை. அவன் பதில் சொன்னால் அப்புறம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

பக்கத்தில் தனகோடி நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. பதினெட்டு நாள் தாடி. முந்தின நாள்தான் மனைவி கன்னியம்மாவின் காரியம் முடிந்திருந்தது. தீபாவளி அன்றைக்கு ஊரெல்லாம் வெடித்த பட்டாசுக் காகிதம் தெருவில் நனைந்து கிடந்தது. இந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு துணுக்கு இல்லை.

"இன்னொரு தபா சொல்லுங்கய்யா" என்றாள் பிரபாவதி, தலையை வெளியே எடுக்காமலே.

"எத்தினி தபா கேட்டாலும் அதேதாம்மா. பம்பு செட்டாண்ட அவள நல்ல பாம்பு கொத்திட்ச்சி. மத்தியானம் ரெண்டர மணி. கொட்ற மழ. தூக்கி வண்டில போட்டுகினு கெளம்பிட்டோம். ஜலாலு ஓட்றான். நான் பின்னாடி இவள மடில வெச்சிகினு கீறன். திருக்கழுக்குன்றம் வரிக்கும் பறந்தான். அப்பால வண்டி இழுக்க மாட்டேன்னுது. 'மெறிடா'ன்றன். 'மெறிக்கிறன் மொதலாளி, பவர் இல்ல'ன்றான். மாட்டு வண்டி கணக்கா ஊர்ந்து, ஒரு மேட்டுல ஏறச்சொல்ல நின்னே பூட்ச்சி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நாலே மைலு. முக்கா மணி நேரம் கழிச்சி ஒரு பஸ்ஸு வந்துது. பஸ்ல தூக்கிகினு போய்ச் சேந்தா, டாக்டரு கையப் புடிச்சிப் பாத்துட்டு, அர மணி முன்னால வரக்கூடாதான்றாரு."

"டிரைவர் ஜலாலுதீன் வேணும்னே நிறுத்தினார்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்க" என்றாள் பிரபாவதி.

"பதினோரு வருசம் ஓட்டினவன். இந்த வண்டிய வித்துட்டு லாரி வாங்கப் போறன்னு போன மாசம் சொன்னன். 'அப்ப எனுக்கு வேல இல்லியா'ன்னு நாலு பேர் எதிர்ல மொறச்சான். மெக்கானிக்கு வந்து பாத்துட்டு ஃபேன் பெல்ட்டே காணோன்றான். கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டிகினு வந்திருக்கான். போலீசு கேட்டா, 'நான்தான் கவனிக்கல'ன்ற ஒத்த வார்த்த. வேற வாயே தெறக்கல. நாள மறுநாளு கோர்ட்டு. இன்ஸ்பெக்டரு சாட்சி பத்தலன்றாரு. அவன வுட்டுடப் போறாங்கம்மா. எனுக்குத் தெரியணும். என் வூட்டுக்காரி செத்தது யாராலன்னு தெரியணும்."

பிரபாவதி நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். சம்பத் இந்தப் பக்கக் கதவு வழியாக எட்டிப் பார்த்தான். ஸ்டியரிங், ஹாரன், மீட்டர் விளிம்பு, சுவிட்சு, டாஷ்போர்டுப் பெட்டி, எல்லாவற்றிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும். கொண்டைக்கடலை மாதிரி பருமனான பொட்டுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கோடு.

"வண்டிக்கு அம்ம போட்ட மாதிரி கீது" என்றான் சம்பத்.

"அந்த டெம்பரேச்சர் முள்ளு வேல செய்யுமா?" என்று பிரபாவதி கேட்டாள்.

"அது செத்து ரெண்டு வருசமாவுது" என்றார் தனகோடி.

அவள் சாவியைத் திருப்பினாள். மீட்டருக்குக் கீழே சிவப்பாக ஒரு விளக்கு பளிச்சென்று வந்தது.

"டைனமோ லைட்டு. பெல்ட்டு அறுந்தா எரியும்."

"எரியுதே" என்றார் தனகோடி. அவர் குரல் உயர்ந்தது. "நல்லாத்தான எரியுது? அப்ப அன்னிக்கி அவன் மூஞ்சிக்கு நேரா எரிஞ்சிகினுதான இருந்திருக்கும்?"

பிரபாவதி அந்த விளக்கையே பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில் குனிந்து விரல் நகத்தால் எதையோ லேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சாவியை அணைத்தாள். சம்பத் அவளுடன் ஆறு வருஷமாக இருக்கிறான். அவள் முகம் அப்படி ஒரேயடியாக மூடிக்கொண்டால் நல்ல சேதி இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

டிக்கியில் ஸ்பேர் டயருக்குக் கீழே, காகிதம்கூடப் பிரிக்காத புது ஃபேன் பெல்ட் ஒன்று இருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா" என்றாள்.

தனகோடி சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கும்போது அவருடைய கையைப் பார்த்தாள். வலது கட்டை விரல் என்றைக்கோ கோடாலி பட்டுப் பிளந்து, நடுவில் வாய்க்கால் வெட்டினாற்போல் தழும்பேறியிருந்தது. தண்ணீரை ஒரு வாய்தான் குடித்தாள்.

"இந்த வருஷம் பூஜைக்கு வீட்ல எல்லாரும் இருந்தீங்களா?"

"அவ சிங்கப்பெருமாள் கோயில்ல கீற அம்மா வூட்டுக்குப் போயிருந்தா. கெழவிக்கு ஒடம்பு சரியில்ல. ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன். சாயங்காலம் நாலு மணிக்குச் செங்கல்பட்டு ஏரிக்கரைக்கு வந்துடுங்க. பதில் சொல்றேன்."

*

லாம்ப்ரட்டா ஸ்கூட்டரைச் சம்பத் ஓட்டினான். பிரபாவதி பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பூஞ்சேரி தாண்டும் வரை அவன் பொறுத்துப் பார்த்தான்.

"அக்கா, எனுக்கு டிக்கெட்டு கிழிக்கத்தான் தெரியும். புரியற மாதிரி சொல்லேன்."

"பெல்ட்டு ஒண்ணு, வேல ரெண்டு. அது டைனமோவையும் சுத்தும், தண்ணி பம்பையும் சுத்தும். அறுந்தா பாட்டரிக்குக் கரண்டு ஏறாது. அதச் சொல்லத்தான் செவப்பு லைட்டு. ஆனா வண்டியக் கொல்றது அது இல்ல. தண்ணி சுத்தாம நின்னுடும். இஞ்சின் கொதிச்சு, பவர் கொறஞ்சு, கடசில இறுகிப்போய் நின்னுடும்."

"ஆவி வந்திருக்குமே? கண்ணு தெரியலியா அந்த ஆளுக்கு?"

"கொட்டற மழைல எந்த பானெட்டு மேலதான் ஆவி வராது?"

"சரி, லைட்ட பாத்திருந்தா?"

"நிறுத்தி, டிக்கில இருந்த புது பெல்ட்டப் போட்டிருந்தா கால் மணி நேரம். அந்தம்மா பொழச்சிருக்கலாம்."

சம்பத் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "அப்ப இப்ப எங்க போறோம்?"

"பெல்ட்டக் கழட்டினாங்களா, தானா அறுந்துதான்னு பாக்க. தண்ணி சுத்தாம அந்த வண்டி அஞ்சு, ஆறு மைலு ஓடியிருக்கும். நின்ன மேட்லேருந்து பின்னால எண்ணு. திருக்கழுக்குன்றத்து எல்லை வருது. பெல்ட்டு அங்கதான் விழுந்திருக்கணும்."

"பதினெட்டு நாளு கழிச்சி ரோட்ல தேடச் சொல்றியா?"

"ரோட்ல எதுக்குத் தேடணும்? ஒரு கஜம் நல்ல ரப்பர இந்த ஊர்ல யாருனா ரோட்ல விட்டு வெப்பாங்களா? கடைங்களப் பாரு. எது எதால கட்டியிருக்குன்னு பாரு."

மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்குகிற முனையில் நாலைந்து கீற்றுக் கடைகள். மூன்றாவது கடையில் ஆராயி என்கிற அம்மாள் வேர்க்கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். அவள் கடைத் தட்டி, கம்போடு சேர்த்துக் கறுப்பாக ஏதோ ஒன்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

சம்பத் வண்டியை நிறுத்தினான். "அண்ணியாரே, கட பலமா கட்டியிருக்குதே. இன்னா கயிறு இது?"

"கடல வேணுமா, கயிறு வேணுமா? கயிறு விக்கிறதுக்கில்ல."

"ரெண்டு படி கடல. கயிறு கத மட்டும் ஓசி."

ஆராயி கடலையை அளந்துகொண்டே சொன்னாள். "ஐப்பசில ஒரு நாளு பேய் மழ. பச்ச காரு ஒண்ணு ஹாரன அமுக்கிகினே வருது. அந்தப் பள்ளத்துல தட்டுனு எறங்கிச்சு பாரு, அடிலேருந்து கறுப்பா வளைஞ்சிகினு ஒண்ணு வந்து என் காலாண்ட வுழுந்துது. நான் பாம்புன்னு நெனச்சிகினு கழிய எடுத்து நாலு சாத்து சாத்தினன். அப்பால பாத்தா ரப்பரு. இந்தத் தெருவே சிரிச்சிது, போ."

"காரு நிக்கலியா?"

"எங்க நின்னுது. பின்னாடி ஒரு ஆளு பொம்பளய மடில போட்டுகினு அழுதுகினு போறாரு. பாவம், இன்னாச்சோ."

பிரபாவதி இறங்கி, பக்கத்துக் கடையில் ஒரு புதுக் கயிறு வாங்கித் தட்டியைத் தானே கட்டிக் கொடுத்துவிட்டு அந்தப் பெல்ட்டை எடுத்துக்கொண்டாள். இரண்டு முனையும் தேங்காய் நார் போலப் பிய்ந்திருந்தன. கத்தி பட்ட அடையாளமே இல்லை. கிழடு தட்டிப்போன ரப்பர், பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்ட அடியில் தானாக அறுந்திருக்கிறது.

"ஆக, பாயி கழட்டல" என்றான் சம்பத். அவனுக்கு மனசு லேசானது. "வுட்ருவாங்க."

"இன்னும் மோசமாச்சு சம்பத்து. கழட்டலன்னு ஆச்சு. ஆனா இங்கேருந்து ஆறு மைலு, லைட்டு கண்ணுக்கு நேரா எரியறப்போ நிறுத்தாம ஓட்டினார்னு ஆச்சு. பெல்ட்டு டிக்கில இருக்கு, போடவும் தெரியும், அப்பறம் ஏன் போடலன்னு கேப்பாங்க."

கடலை சூடாகத்தான் இருந்தது. செங்கல்பட்டு போய்ச் சேரும் வரை இருவரும் தொடவில்லை.

*

செங்கல்பட்டு சப்ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஜலாலுதீன் வந்து நின்றார். உயரமான மனிதர். நரைத்த தாடி. பார்வையாளர் பெஞ்சில் அவர் மனைவி சைனம்பு ஒரு தூக்குச் சட்டியோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

"நான் தனகோடி ஐயா அனுப்பி வந்திருக்கேன் பாய்" என்றாள் பிரபாவதி.

"மொதலாளி சாப்புட்றாராம்மா?"

அவர் முதலில் கேட்டது அதுதான். சம்பத் தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு டைனமோ லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சிதும்மா. நான் பாத்தன். பாத்துட்டு, போய்ச் சேந்துடலாம்னு ஓட்டிட்டன். என் தப்புதான். எழுதிக்கோங்க."

"எந்த எடத்துல எரிய ஆரம்பிச்சுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பூஞ்சேரியாண்ட."

"பூஞ்சேரில பெல்ட்டு அறுந்துபோகல பாய். திருக்கழுக்குன்றத்துல, கடலைக் கடைப் பள்ளத்துலதான் அறுந்துது. இதோ." பிரபாவதி பெல்ட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "அறுந்துபோகாத பெல்ட்டுக்கு லைட்டு எப்படி எரியும்? நீங்க பாக்கல. பாக்க முடியல."

ஜலாலுதீன் பெல்ட்டின் பிய்ந்த முனையையே பார்த்தார்.

"சாவி போட்டா ரெண்டு லைட்டு வரணும். டைனமோவுக்கு ஒண்ணு, ஆயிலுக்கு ஒண்ணு. காலைல நான் சாவி போட்டப்ப ஒண்ணுதான் வந்துது. இன்னொண்ணு ஃப்யூஸ்னு நெனச்சேன். நகத்தால சுரண்டிப் பாத்தா, அதுவும் எரிஞ்சுகிட்டுதான் இருக்கு, சந்தனத்துக்கு அடில. ஒரு பொட்டு விடாம வெச்ச கை, பக்கத்துல இருக்கற டைனமோ லைட்ட மட்டும் விட்டிருக்குமா? விடல. அதுலயும் வெச்சிருந்தது. அத யாரோ தொடச்சிருக்காங்க. எதால தொடச்சீங்க பாய்?"

அவர் தோளிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். "துண்டாலதாம்மா."

சம்பத்துக்கு இன்னும் புரியவில்லை. "எதுக்கு தொடக்கணும்? அப்படியே வுட்டிருந்தா ஒம்மேல பழியே இல்லியே, அண்ணாத்த. சந்தனம் மறைச்சிட்ச்சி, எனுக்குத் தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"பொட்ட வெச்சது யாருன்னு கேப்பாங்களே தம்பி."

பிரபாவதி மெல்லச் சொன்னாள். "எல்லாப் பொட்டுலயும் நடுவுல ஒரு கோடு சம்பத்து. கட்டை விரல் பொளந்த கை."

சம்பத்துக்குச் சொம்பை நீட்டிய கை ஞாபகம் வந்தது.

"வருசா வருசம் பூசைக்கு முன்னால சாவிய மொதலாளியம்மா கைல குடுத்துட்டு நான் வெளிய போய் நிப்பன்" என்றார் ஜலாலுதீன். "மொத வருசமே சொன்னன், அந்த ரெண்டு லைட்டு மேல மட்டும் வெக்காதீங்கம்மா, வண்டிக்கு அது கண்ணுன்னு. அந்தம்மா ஒரு தபாகூட மறக்கல. சுத்தி வெப்பாங்க. இந்தத் தபா அவங்க இல்ல. மொதலாளி வெச்சிருக்காரு. அவருக்கு யாரு சொன்னது? அப்பால ஒரு வாரம் அட மழ, வண்டியே எடுக்கல. அன்னிக்கித்தான் மொத மொத சாவி போட்டன். பின்னாடி அந்தம்மா மூச்சு வாங்கறாங்க. நான் எங்க லைட்ட பாத்தன்? பாத்திருக்கணும். பதினோரு வருசம் சாவி போட்டா பாக்கறவன், அன்னிக்கி பாக்கல. அது என் தப்புதாம்மா, பொய்யில்ல."

வலையின் மேல் விரல்களை வைத்துக்கொண்டார்.

"அவங்க பஸ்ல பூட்டாங்க. நான் மேட்டுல தனியா. பானெட்ட தூக்கினா பெல்ட்டு இல்ல. லைட்டு ஏன் வரலன்னு சாவி போட்டுச் சுரண்டினன். உள்ள எரிஞ்சிகினு கீது. ஒக்காந்துட்டன். அவரு ஆசையா வெச்ச பொட்டும்மா அது. அவரு கையாலன்னு தெரிஞ்சா அந்த மனுசன் இருக்க மாட்டாரு. என்ன ரெண்டு வருசமோ மூணு வருசமோ போடட்டும். இருந்துட்டு வரன். சைனம்பு கெட்டிக்காரி, சமாளிச்சிக்கும். நீங்க அவருகிட்ட சொல்லாதீங்க. ஒங்க புள்ளகுட்டி மேல ஆணையா கேக்கறன்."

பிரபாவதிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவள் அதைச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது சைனம்பு அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். எதையும் கேட்காமல் தூக்குச் சட்டியோடு உள்ளே போனாள்.

*

ஏரிக்கரைக்கு நடந்தார்கள். மழைக்குப் பிறகு கொளவாய் ஏரி கரைவரை தளும்பிக்கொண்டிருந்தது. பாதி வழியில் சம்பத் நின்றான்.

"பல்பு ஃப்யூஸ்னு சொல்லிடலாம்கா. பாயும் வெளிய வந்துடுவாரு, அவருக்கும் தெரியாது. நான் இப்பவே போய் அந்த பல்ப ஒடச்சிட்டு வரன்."

"நான் யோசிக்காமலா இருப்பேன்? காலைல எரிஞ்சத அவரே கண்ணால பாத்துட்டாரே. 'நல்லாத்தான எரியுது'ன்னு அவர் வாயாலயே சொன்னாரே. நான்தான் சாவியப் போட்டேன், முட்டாள் மாதிரி."

"அப்ப?"

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் சொமக்கணும். தப்பே செய்யாதவர ஜெயில்ல விட்டுட்டு நான் போர்டு மாட்டிக்க முடியாது சம்பத்து."

தனகோடி கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பிரபாவதி அவருக்கு எதிரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். பெல்ட்டை அவர் கையில் கொடுத்தாள். தானாக அறுந்தது என்று சொன்னாள். எங்கே, யார் பார்த்தது, எல்லாம் சொன்னாள்.

"கழட்டலன்னாலும் லைட்டப் பாத்துட்டு ஓட்டியிருக்கான்" என்றார் அவர்.

"பாக்கல. லைட்டு மேல சந்தனம் இருந்துது."

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. சம்பத் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். தண்ணீரில் ஒரு நீர்க்காக்கை முங்கியது. அது மேலே வரும்வரை அவன் எண்ணினான். இருபத்திரண்டு வரை எண்ணினான்.

"அவ இல்லாத பூச" என்றார் தனகோடி. குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. அதுதான் சம்பத்தைக் கலக்கியது. "ஒண்ணுகூட வுடக்கூடாதுன்னு வெச்சன். வந்து கேப்பா, எல்லாத்துக்கும் வெச்சியான்னு. வந்ததும் கேட்டாம்மா. எல்லாத்துக்கும் வெச்சிட்டன்னு சொன்னன்."

பிரபாவதி அவர் முழங்காலின் மேல் கையை வைத்தாள். அப்படி அவள் எந்தக் கட்சிக்காரரையும் தொட்டுச் சம்பத் பார்த்ததில்லை.

"ஜலாலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கிலேருந்து. நீங்க பஸ்ல போனப்பறம் அவர்தான் தொடச்சாரு. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு."

"நான் அவன அடிச்சம்மா. ஸ்டேஷன்ல, எல்லார் எதிர்லயும். செருப்பால. வாங்கிகினு நின்னான்."

மனைவி செத்த நாளிலிருந்து அந்த மனிதர் அழவில்லை என்று தோப்பில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கொளவாய் ஏரிக்கரையில் அழுதார். அடங்க நேரமானது. இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவரே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போலீசு ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்றார். அவருக்குத் தெரியாத இடமல்ல. ஆனாலும் கேட்டார். சம்பத் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

*

இன்ஸ்பெக்டரிடம் பெல்ட்டைக் கொடுத்து, தன் வாயாலேயே முழுவதையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் தனகோடி. இரண்டு நாள் கழித்துக் கோர்ட்டில் ஜலாலுதீனை விட்டுவிட்டார்கள்.

கோர்ட்டு வாசலில் புளிய மரத்தடியில் நால்வரும் நின்றார்கள். தனகோடி, சைனம்பு, பிரபாவதி, சம்பத். ஜலாலுதீன் வெளியே வந்து, தனகோடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பிரபாவதியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் தலை குனிந்துகொண்டாள்.

"சொல்ல வேணாம்னு கேட்டனேம்மா" என்றார்.

தனகோடி நாலு எட்டு நடந்து அவர் எதிரே போனார். என்ன சொல்லப் போகிறார் என்று சம்பத் காத்திருந்தான். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தான். அவர் கேட்கவில்லை.

"ஜலாலு, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கன். பஸ்ல ஏத்தினப்போ அவளுக்கு நாக்கு கொழறிட்ச்சி. ஆனா பேசினா. ஜன்னல் வழியா ஒன்னயே பாத்துகினு, 'ஜலாலு மழைல நனைஞ்சிகினு நிக்கிறாரு, அவரயும் ஏத்திக்கோங்க'ன்னா. அதான் கடசிப் பேச்சு. எனுக்கு ஒம்மேல அவ்ளோ ஆத்திரம். கூப்டல. போலீஸ்லயும் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. அது ஒன்னோட வார்த்த. ஒங்கிட்ட குடுக்கணும்."

ஜலாலுதீன் அப்படியே மரத்தடி வேரின் மேல் உட்கார்ந்தார். இருபது நாள் ஜெயிலில் கண் கலங்காதவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தனகோடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சைனம்பு தூக்குச் சட்டியைத் திறந்து, ஒரே தட்டில் சோற்றைப் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

சம்பத்துக்கு ஏதாவது சொல்லி இவர்களைச் சிரிக்க வைத்துவிடலாமா என்று தோன்றியது. வாய்வரை ஒன்று வந்தது. விழுங்கிவிட்டு, மூலையிலிருந்த குழாயில் அவர்கள் இருவருக்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரப் போனான்.

கதை இவ்வளவுதான் கண்ணுங்களா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் எல்லோரும் பொழுதோடு வாசல் வந்து சேரட்டும். உங்கள் அடுப்பில் பொங்கியது பக்கத்து வீட்டுப் பசிக்கும் போதுமானதாக இருக்கட்டும். கோபத்தில் யாரிடமாவது சொல்லாமல் வைத்திருக்கிற நல்ல வார்த்தை உங்களிடம் இருந்தால், அதைச் சொல்லிவிடுவதற்கு நாளும் ஆயுசும் உங்கள் குடும்பத்துக்கு நிறையக் கிடைக்கட்டும்.